ஆளுக்கொரு பை

ஒருமுறையேனும் இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். "இன்றிரவே வீட்டை விட்டுக் காட்டுக்குள் போகவேண்டி வந்தால் எதை எடுப்பீர்கள்?" என்பது முதலாவது. காணி உறுதி, நகை, பானை, அரிசி, பிள்ளைகளின் உடுப்பு என்று பதில் உடனே வரும். "அதை யார் சுமப்பார்?" என்பது இரண்டாவது. அப்பா சுமப்பார், சைக்கிளில் கட்டலாம், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம் என்பார்கள். "மூட்டையைச் சுமப்பவர் வழியில் உங்களைத் தவறவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பது மூன்றாவது. இதற்குப் பலரிடம் பதில் இல்லை. இக்கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது.

எமது மக்களின் அண்மைய வரலாறே இக்கேள்வியை எழுப்புகிறது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். பின்னர் அவர்களுள் பலர் கிளாலி கடந்து வன்னிக்குப் போயினர். 1996 இல் கிளிநொச்சி மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் மரங்களின் கீழ் தங்கினர். 2008 இல் மன்னார் அடம்பன் பகுதியில் தொடங்கிய ஓட்டம் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இவ்வோட்டங்களில் கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும், பிள்ளை பேத்தியாரோடு இன்னொரு பக்கமுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. குடும்பத்துக்கென்று ஒரே மூட்டை கட்டியிருந்தால், அது ஒருவரிடம் இருக்கும். மற்றவர்களின் கையில் எதுவும் இராது.

யுத்தம் 2009 இல் முடிந்துவிட்டதே, இனி ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். ஆனால் காடு எங்கள் வேலிக்கு அப்பால் அப்படியேதான் இருக்கிறது. விறகுக்கும் தேனுக்கும் போகிறோம், காணாமற்போன மாட்டைத் தேடிப் போகிறோம். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் இரவோடிரவாக வீடுகளுக்குள் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலையகத்தில் மண்சரிவு முழுக் குடும்பங்களையே மூடியது. துப்பாக்கிச் சத்தம் இல்லாமலும் இடம்பெயர்வு வரும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

எனவே எமது கருத்து இதுதான்: வீட்டில் நடக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும், ஐந்து வயதுப் பிள்ளை முதல் பேத்தியார் வரை, தனித்தனியே ஒரு பை இருக்க வேண்டும். அந்தப் பையை வைத்துக்கொண்டு ஒருவர் தனியே மூன்று நாள் காட்டில் உயிரோடிருக்கக் கூடியதாக வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பழைய பாடசாலைப் பை ஒன்று போதும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும்படி தோளில் மாட்டுவதே நல்லது. ஒரு கையால் பிள்ளையைப் பிடிக்க வேண்டும், மறு கையால் கிளையை விலக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேலும், சிறுவர்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேலும் வேண்டாம். மாட்டிக்கொண்டு வளவைச் சுற்றி ஓடிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பாரம் கூடிவிட்டது என்று பொருள்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவுமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் அளவில் தேவை. மூன்று நாளைக்கு ஒன்பது லீற்றர், அதாவது ஒன்பது கிலோ. அதைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. ஆகவே ஒரு லீற்றர் தண்ணீரையும், கிடைக்கும் தண்ணீரைச் சுத்தமாக்கும் வழியையும் கொண்டுபோக வேண்டும். நிறமில்லாத, கீறல் விழாத பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீரை வைத்திருங்கள். குளத்துத் தண்ணீரைச் சீலைத் துணியால் வடித்து, கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். நெருப்பு மூட்ட முடியாவிட்டால், தெளிந்த தண்ணீரை அதே போத்தலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வையுங்கள். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். வெயிலின் கதிர்களே கிருமிகளைக் கொல்லும். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிவாக்கும் என்பது எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்தது. ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகாது. தெளிவித்த பின்னரும் கொதிக்க வைக்கவோ வெயிலில் வைக்கவோ வேண்டும். காட்டுக் குளங்களுக்கு அந்தியிலும் இரவிலும் யானை வரும். பகலிலேயே தண்ணீர் எடுத்துக்கொண்டு அப்பால் விலகித் தங்குங்கள். யானைப் பாதையில் படுக்க வேண்டாம்.

அடுத்தது உப்பும் சீனியும். 1971 இல் வங்காளதேசப் போரின்போது எல்லை கடந்து இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களின் முகாமொன்றில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் முடிந்துபோயிற்று. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோசும் உப்பும் அப்பச் சோடாவும் கலந்த பொதிகளைத் தயாரித்து, தண்ணீரில் கரைத்து நோயாளரின் உறவினர்கள் கையாலேயே பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. பெரிய வைத்தியசாலையால் முடியாததை, அகதித் தாயின் கையிலிருந்த குவளை செய்தது. ஆகவே ஒவ்வொரு பையிலும் இரண்டு ஜீவனிப் பைக்கற் வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு என்ற கணக்கைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வியுங்கள்.

உணவுக்குக் கடையில் எதையும் தேட வேண்டியதில்லை. புழுக்கொடியல், பனங்கட்டி, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், அவல் ஆகியவை அடுப்பில்லாமல் தின்னக்கூடியவை, பழுதாகாமல் இருப்பவை. ஒடியல் மாவைச் சமைத்தே உண்ண வேண்டும். ஆகவே அது இந்தப் பைக்கு ஏற்றதல்ல. பாலைப்பழமும் வீரைப்பழமும் பருவத்தில் காட்டிலேயே கிடைக்கும். ஆனால் பசி மிகுதியில் தெரியாத கிழங்கைத் தோண்டாதீர்கள். கார்த்திகைக் கிழங்கு உண்ணும் கிழங்கு போலவே தோன்றும். அதன் நஞ்சு அவித்தாலும் போகாது. அது ஆளைக் கொல்லும்.

பொலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி, மெழுகுதிரி, சிறிய ரோச் லைற், ஐந்து மீற்றர் நைலோன் கயிறு, மழைக்கும் தரைக்குமாக ஒரு பொலித்தீன் விரிப்பு, ஒரு சாரம், சவர்க்காரக் கட்டி, மாற்றுடுப்பு ஒன்று ஆகியன எல்லோர் பையிலும் இருக்கட்டும். பெரியவர்கள் பையில் கத்தி ஒன்றும் வேண்டும். பையோடு பாதணி ஒரு சோடியையும் கட்டி வையுங்கள். இரவில் வெறுங்காலோடு காட்டில் நடப்பவருக்குப் புடையன் பாம்பால் ஆபத்து அதிகம். மலேரியா இல்லாத நாடென்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது உண்மையே. ஆயினும் டெங்கு இருக்கிறது. மூடிப் படுக்க அந்தச் சாரம் உதவும்.

விலை மலிந்ததும் ஆனால் எவரும் நினையாததுமான பொருள் ஒன்று உண்டு: ஊதுகுழல். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் அரை மணியில் தொண்டை அடைத்துவிடும். சிறு பிள்ளையின் ஊதுகுழல் சத்தமோ அடர்ந்த காட்டிலும் தூரம் கேட்கும். மூன்று தரம் ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று தரம் ஊதுவது உலகெங்கும் அறியப்பட்ட உதவிக் குறி. வழி தவறினால் அலையாமல் ஒரு மரத்தடியில் இருந்து ஊதும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஆளுக்கு ஆள் வேறுபடுபவை

முதியவர் பையில் ஒரு கிழமைக்கான பிறஷர், சீனி வருத்த மாத்திரைகளும் கிளினிக் கொப்பியின் பிரதியும், பழைய மூக்குக் கண்ணாடியும் வேண்டும். பெண்களின் பையில் மாதவிடாய்த் துணி இருக்க வேண்டும். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாயின் பையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பிள்ளையின் உடுப்பும் கணவரின் மருந்துமே இருக்கும். அவளுக்கென்று ஒன்றும் இராது. இதைத் தியாகம் என்று நாம் புகழ்ந்து பழகிவிட்டோம். காட்டில் தாய் மயங்கி விழுந்தால் பிள்ளையை யார் தூக்குவது? அம்மாவின் பை அம்மாவுக்கே உரியது என்பதை வீட்டு ஆண்கள் முன்னின்று உறுதிப்படுத்த வேண்டும்.

பிள்ளையின் பையில் ஒரு தாள் கட்டாயம் வேண்டும். பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், கிராம அலுவலர் பிரிவு, வேறு மாவட்டத்தில் உள்ள உறவினர் ஒருவரின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கட்டும். குடும்பமாக எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். தேடுபவர்களுக்கு அது பேருதவி. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று கிட்டிய இடம் ஒன்றையும் தூர இடம் ஒன்றையும் முன்கூட்டியே பேசி அதே தாளில் எழுதுங்கள். கைத்தொலைபேசியை நம்பியிருக்க வேண்டாம். பற்றரி இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் இலக்கம் எதுவும் உதவாது.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளைப் பொலித்தீன் உறையிலிட்டு இரண்டு பேரின் பைகளில் வையுங்கள்; இன்னொரு பிரதி வேறூரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். மீள்குடியேறிய பின் வேலித் தகராறுகளில் அலைந்தவர்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதி நன்கு தெரியும்.

கமக்காரக் குடும்பத்தின் பையில் இன்னொன்றும் இருக்க வேண்டும்: சாம்பலில் புரட்டிய ஒரு பிடி விதை. கீரை, பயிற்றை, வெண்டி, கத்தரி, மிளகாய் எல்லாம் சேர்த்தாலும் ஒரு தீப்பெட்டி அளவுதான். போய்ச் சேர்ந்த இடத்தில் கூடாரத்தின் ஓரத்தில் தூவினால் கீரை ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வரும். நிவாரண வரிசையில் நிற்பவருக்கும் சொந்தமாக ஒரு பாத்தி இருந்தால் நிமிர்ந்து நிற்கலாம்.

மறுப்புகள் சில

"பை கட்டி வைத்தால் இடம்பெயர்வு தேடி வரும்" என்பது பலரது பயம். பலதடவை வீடிழந்தவரின் மனம் அப்படித்தான் நினைக்கும். அதைக் கேலி செய்யக்கூடாது. ஆனால் விதைநெல்லை ஒதுக்கி வைப்பதால் பஞ்சம் வருவதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

"நிறுவனங்கள் தருமே" என்பது அடுத்தது. தரும், ஆனால் பாதை திறந்த பின்னர், வாகனம் வந்த பின்னர். முதல் மூன்று நாளும் நமக்கு நாமே. நிவாரணம் தரும் எம்போன்ற நிறுவனங்களும் குடும்பத்துக்கு ஒரு பொதி என்று கணக்கிடுவதை விட்டு, ஆளுக்கு ஒரு பை என்று கணக்கிடப் பழக வேண்டும்.

"பை எல்லாவற்றையும் காக்குமா?" என்று கேட்டால், காக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்குச் சில மணி நேரமே அவகாசம் கொடுக்கப்பட்டது; கையில் கொண்டுபோனதும் பலரிடம் பறிக்கப்பட்டது. பையைப் பறிக்கலாம். உப்புச் சீனிக் கணக்கையும், வெயிலில் தண்ணீர் வைப்பதையும், மூன்று தரம் ஊதுவதையும் எவராலும் பறிக்க முடியாது. ஆகவே பையைக் கட்டுவதோடு நில்லாமல் அதன் பயனையும் படிப்பிக்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. மோதிரம், காப்பைக் கழற்றி, முறிந்த காலைப் போல அசையாமல் தடி வைத்துக் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். யுத்தம் நடந்த காடுகளில் அறியாத இரும்பு எதையும் தொடக்கூடாது. மிதிவெடி அடையாளப் பலகைக்கு அப்பால் விறகுக்காகவும் கால் வைக்கக்கூடாது. இவையும் பையில் உள்ள பொருட்களே, பாரமில்லாதவை.

ஆண்டுக்கு இரண்டு தடவை, காலபோக விதைப்புக்கு முன்னும் சித்திரையிலும், பைகளைத் திறந்து பாருங்கள். பண்டங்களைப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டுப் புதியன வையுங்கள். மாத்திரைகளின் திகதியைப் பாருங்கள், விதையை மாற்றுங்கள், பிள்ளை வளர்ந்திருந்தால் உடுப்பையும் மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்க முடியாது என்பதை அறிவோம். இந்தக் கிழமை ஒரு தாளையும் ஒரு ஊதுகுழலையும் கடைசிப் பிள்ளையின் பையில் வையுங்கள். அடுத்த கிழமை அம்மாவின் பையைத் தொடங்குங்கள்.