கருப்பு மணலும் காயிலும்



இறுதியாண்டு ப்ராஜெக்ட் பேச்சு ஆரம்பித்தாலே நம் மின்னியல் துறையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "காந்த மணலைக் காயிலுக்குள்ள போட்டா கரண்ட் ரெண்டு மடங்கு வரும்டா" என்பது ஒரு கட்சி. "மண்ணைப் போட்டா மண்ணுதான் கிடைக்கும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் வோல்ட் மீட்டரைக் கையில் எடுத்தவர் யாருமில்லை. இரண்டுமே தவறு என்பதுதான் என் கருத்து.

முதலில் மணலைப் பார்ப்போம். எங்கள் கீரனூரில் மழை ஓய்ந்ததும் வாய்க்கால் ஓரம் கருப்பு வரியாகப் படியும். காந்தத்தைப் பாலிதீன் தாளில் சுற்றி இழுத்தால் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதுதான் மேக்னடைட். சேலம் கஞ்சமலையில் இருப்பதும் இதே தாதுதான். 1830-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். ஆனால் கருப்பாக இருப்பதெல்லாம் மேக்னடைட் அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நிறைய இருப்பது இல்மனைட். சாதாரண ஸ்பீக்கர் காந்தம் அதைத் தூக்காது. நம் காயிலுக்கும் அது உதவாது.

இனி காயிலுக்கு வருவோம். 1831-ல் ஃபாரடே இரும்பு வளையத்தில் கம்பி சுற்றித்தான் மின்தூண்டலைக் கண்டார். இரும்பு காந்தப் பாயத்துக்கு நல்ல பாதை. மோட்டாரில் போடும் சிலிக்கான் எஃகு ஸ்டாம்பிங்கின் பெர்மியபிலிட்டி ஆயிரக்கணக்கில் இருக்கும். மணலுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு மணிக்கும் நடுவே இடைவெளி. காந்தப் பாயம் ஒவ்வொரு இடைவெளியையும் தாண்டித்தான் போக வேண்டும். கொள்ளளவில் 30 சதம் மணலை ரெசினில் கலந்து வார்த்தால் பெர்மியபிலிட்டி சுமார் 2.3தான் வரும். மேக்னடைட் சுமார் 0.6 டெஸ்லாவில் நிறைவுற்றுவிடும். 30 சதக் கலவை தன் பங்காகக் கூட்டித் தரக்கூடியது அதிகபட்சம் 0.18 டெஸ்லா. சிலிக்கான் எஃகோ 2 டெஸ்லா வரை தாங்கும்.

சரி, இதனால் நமக்கு எவ்வளவு லாபம்? காற்றாலைக்கு வீட்டில் செய்யும் தட்டு வகை ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் 10 மி.மீ. காந்தம், நடுவில் 12 மி.மீ. காயில், பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி. மொத்தம் 34 மி.மீ. காந்தத்தின் பெர்மியபிலிட்டியே ஏறக்குறைய 1 என்பதால் அதையும் காற்றாகவே கணக்கிட வேண்டும்.

0.4 டெஸ்லா ஸ்பீக்கர் காந்தம் என்றால், மணல் இல்லாமல் 0.235 டெஸ்லா, மணலோடு 0.294. அதாவது 25 சதம் உயர்வு. 1.2 டெஸ்லா நியோடிமியம் காந்தம் என்றால் 0.706-லிருந்து 0.77 வரைதான், வெறும் 9 சதம். மணல் அங்கே நிறைவுற்றுப் போகிறது. இது கசிவே இல்லை என்று வைத்துப் போட்ட காகிதக் கணக்கு. மணல் போவது காயிலின் நடுத்துளையில் மட்டும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறையும்.

ஆகவே இரண்டு மடங்கு என்பது வெறும் பேச்சு. ஆனால் 25 சதம் என்பதும் லேசுப்பட்டதல்ல. 100 சுற்று வேண்டிய இடத்தில் 80 சுற்று போதும் என்று அர்த்தம். தாமிரக் கம்பி விற்கிற விலையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் யாருக்குக் கசக்கும்? விலை கூடிய நியோடிமியம் வாங்க முடியாமல் பழைய ஸ்பீக்கரை உடைக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்த மணல் அதிகம் கைகொடுக்கிறது.

மணலுக்கு இன்னொரு குணம் உண்டு. துளையில் இரும்பு போல்ட்டைச் செருகினால் சுழல் மின்னோட்டத்தில் சூடேறும். தட்டும் காந்த இழுப்பில் நின்று நின்று சுற்றும். ரெசினில் மணி மணியாகப் பிரிந்து கிடக்கும் மணலில் சூடு குறைவு, இழுப்பும் குறைவு. முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன். மெல்லிய காற்றில் கிளம்புவது கொஞ்சம் கனமாகும். எச்சரிக்கையும் ஒன்று: மணலை உதிரியாகக் கொட்டாதீர்கள். எனாமலை உரசிக் கம்பியை ஷார்ட் ஆக்கிவிடும், பேரிங்குக்குள்ளும் போகும். காயிலுக்கு டேப் சுற்றி, வார்னிஷ் காய்ந்த பிறகே வார்க்க வேண்டும்.

ஸ்டாம்பிங்குக்கு மாற்றாக மணலை நினைப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம். காயலான் கடையில் கருகிய மோட்டார் ஸ்டேட்டர் எடைக்குக் கிடைக்கிறது. அதைச் சுத்தம் செய்து திரும்பக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் ப்ராஜெக்ட் கண்காட்சியைப் பார்க்க ஊர்க்காரர்களும் வருகிறார்கள். பல்பு எரிவதைப் பார்த்ததும் "தம்பி, நம்ம தோட்டத்துக்கு ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்கிறார்கள். அவர்கள் டிப்ளமோ படித்த பிள்ளை சொன்னால் நம்புகிறவர்கள். மணல் சும்மா கிடைக்கிறது என்பதற்காகக் கரண்டும் சும்மா கிடைக்காது. லோடு கூடினால் சுற்றுகிற கைக்குப் பாரம் கூடும். அந்த உழைப்புதான் கரண்டாகிறது. இதை மறைத்து ஒரு விவசாயியின் பணத்தை வாங்கினால் நாம் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை.

எனவே இளைய நண்பர்களே, ஒரே அளவில் இரண்டு காயில் கட்டுங்கள். ஒன்றில் வெறும் ரெசின், மற்றதில் மணல் கலந்த ரெசின். ஒரே வேகத்தில், ஒரே லோடில் ஓட்டி வோல்ட், ஆம்பியர், சூடு மூன்றையும் குறியுங்கள். வித்தியாசம் 5 சதமாக இருந்தாலும் வெட்கப்படாமல் அட்டவணையை அடுத்த மலரில் போடுங்கள். இரண்டு கட்சிக்கும் அந்த அட்டவணையே பதில் சொல்லட்டும்.