50 மீட்டருக்குள் நாம்

பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் ஓர் அறிவிப்பு நம் எல்லோருக்கும் தெரியும். இந்த வளாகத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருட்கள் விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அது. விற்கிறவர்கள் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் தப்பு என்று தெரிந்து, கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்து விற்கிறார்கள். நாமும் கண்டால் சத்தம் போடுகிறோம்.

அதே வாசலுக்கு இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள உணவுகளைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. இலவசமாகவும் கொடுக்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிகள் இவை. 2021 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. இதைப் பள்ளி வாசலில் பலகையாக எழுதி வைக்க வேண்டும் என்றும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. 2010-இல் ஒரு தொண்டு நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குத் தொடுத்ததில் ஆரம்பித்த கதை இது. நம் பிள்ளைகளுக்காக யாரோ முன்பின் தெரியாதவர்கள் பத்து வருஷம் அலைந்து ஒரு விதியை வாங்கித் தந்திருக்கிறார்கள். நாம் அதைப் படிக்கவில்லை. இந்த ஐந்தாறு வருஷத்தில், "அந்தப் பலகை எங்கே?" என்று பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இது தெரிய வந்தபோது எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். பள்ளியைச் சுற்றியும், அதை ஒட்டியிருக்கும் பூங்காவைச் சுற்றியும் பிள்ளைகள் கண்ணில் படும் தின்பண்ட விளம்பரங்களைக் கணக்கெடுப்பது. கையில் ஒரு நோட்டும் அளக்க ஒரு டேப்பும். பெரிய பெரிய விளம்பரத் தட்டிகள் இருக்கும், படம் எடுத்து மனு எழுதிவிடலாம் என்ற கோபத்தோடுதான் கிளம்பினோம். அப்படி ஒன்றிரண்டு இருந்தன. மற்றதெல்லாம் நாங்கள் நினைத்த உருவத்திலேயே இல்லை.

பெட்டிக்கடையின் பெயர்ப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கடைப்பெயர் பொடி எழுத்தில், இரண்டு பக்கமும் குளிர்பானத்தின் பெயர் கொட்டை எழுத்தில். பலகையே கம்பெனி கொடுத்தது. கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜும் கம்பெனியுடையது; இரவும் பகலும் அதற்குள் விளக்கு எரிகிறது. கடையின் நெற்றியிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகள் சரியாக நாலாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்தில் வந்து நிற்கின்றன. தள்ளுவண்டிக்கு மேலே விரித்த குடையில் ஒரு ஐஸ்கிரீம். ‘பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று சாலையில் வைத்த தடுப்பில், அந்த எழுத்தை விடப் பெரிதாக ஒரு பேக்கரியின் பெயர். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அந்தத் தடுப்பைத் தினமும் சுற்றிக்கொண்டுதான் மகளை இறக்கிவிடுகிறார். அன்றுதான் படித்தாராம்.

கடைசியாகப் பள்ளியின் காம்பவுண்டுச் சுவர். ஆண்டு விழா ஃப்ளெக்ஸ் இன்னும் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் படத்துக்குக் கீழே வரிசையாக ஒரு பீட்சா கடை, ஓர் ஐஸ்கிரீம் பார்லர், ஒரு ஃப்ரைட் சிக்கன் கடை. அந்த நன்கொடைகளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியது பெற்றோர் சங்கம், அதாவது நாங்கள். நோட்டில் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பெட்டிக்கடை அக்காவிடம்தான் முதலில் கோபித்துக்கொள்ளலாம் என்று போனோம். அவர் எங்களை விடத் தெளிவாக இருந்தார். "சுண்டல் போட்டா சாயங்காலத்துக்குள்ள விக்கணும் சார். மீந்தா என் தலையில. பாக்கெட்டு மீந்தா நாளைக்கு விக்கும், நாளன்னைக்கும் விக்கும். கம்பெனி ஆளு வண்டியில கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு. மாங்கா வாங்க விடியக்காலம் மார்க்கெட்டுக்கு நான்தான ஓடணும்?" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "முன்னாடி நெல்லிக்கா, மாங்கா, வேர்க்கடலை எல்லாம் வச்சிருந்தேன். தூசியில விக்கிறது, கண்டதையும் வாங்கித் தின்னாதேன்னு நீங்கதான பிள்ளைங்களக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனீங்க? பாக்கெட்டுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க."

பதில் சொல்ல வாய் எழவில்லை. கம்பெனிகள் பள்ளி வாசலைப் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தை நாம் காலி செய்து கொடுத்திருக்கிறோம். திறந்து வைத்ததெல்லாம் அழுக்கு, ஒட்டி மூடியதெல்லாம் சுத்தம் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்திருக்கிறோம். உறையின் பின்பக்கத்தைத் திருப்பி உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று பார்த்தோமா என்றால், அந்த எழுத்துக்குக் கண்ணாடி போட வேண்டும், கண்ணாடி வீட்டில் இருந்தது. (பழைய பெட்டிக்கடைப் பண்டங்கள் எல்லாமே அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. சாயம் போட்ட மிட்டாய் அன்றும் இருந்தது, ஈயும் இருந்தது.)

நியூசிலாந்தில் வெலிங்டன் நகரப் பகுதியில் இதே கணக்கை வேறு விதமாக எடுத்தார்கள். சுமார் 12 வயதுள்ள 168 பிள்ளைகளின் கழுத்தில் சிறிய கேமராவை மாட்டிவிட்டார்கள். நாலு நாளைக்கு, 7 விநாடிக்கு ஒரு படம். ‘கிட்ஸ்கேம்’ என்று பெயர். 2017-இல் முடிவுகள் வந்தன. உடலுக்கு ஆகாத தீனியின் விளம்பரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 27 முறை ஒரு பிள்ளையின் கண்ணில் படுகிறது. நல்ல உணவுக்கான விளம்பரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எங்கே படுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. பள்ளியில் 19 சதவீதம். பொது இடங்களில் 30. வீட்டில் 33. அலமாரியிலும் சாப்பாட்டு மேசையிலும் கிடக்கும் உறைகளும் விளம்பரம்தான் என்று அந்த ஆய்வு எண்ணியது. அது வேறு நாடு, வேறு சாப்பாடு, சரி. ஆனால் எங்கள் டேப்பின் ஒரு முனையைப் பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டு தெருவை அளந்தோமே தவிர, மறு முனை எங்கள் வீட்டுக்குள் போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நாம் என்ன செய்கிறோம்? ஊசி போட்டுக்கொண்டால் சாக்லேட். கீரையைச் சாப்பிட்டு முடித்தால் சிப்ஸ். முதல் ரேங்க் வாங்கினால் பீட்சா. பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுக்க மிட்டாய், சாயங்காலம் பர்கர் கடையில் பார்ட்டி. கீரையைத் தண்டனையாகவும் பாக்கெட்டைப் பரிசாகவும் மாற்றிக் காட்டியிருக்கிறோம். எந்த விளம்பரக் கம்பெனியும் எத்தனை கோடி செலவழித்தாலும் அம்மா அப்பா குரலில் பேச முடியாது. நாம் அதைக் காசு வாங்காமல் செய்து கொடுக்கிறோம்.

நாமும் ஒன்றும் திடீரென்று இப்படி ஆகிவிடவில்லை. 1999 உலகக் கோப்பை சமயத்தில் பிஸ்கட் உறைகளைச் சேர்த்துப் புள்ளி எண்ணியவர்கள்தான் இன்று அப்பாக்கள். பரிசு விழுந்தால் இங்கிலாந்து போகலாம் என்ற ஆசையில் பசியில்லாமலும் பிஸ்கட் தின்றோம். மால்ட் பானம் குடித்தால் உயரமாவோம் என்று நம்பினோம். உயரம் என்னவோ அப்பா அம்மா கொடுத்ததுதான் வந்தது. அந்த நம்பிக்கையை மட்டும் விடாமல் நம் பிள்ளைகளுக்கும் தினம் இரண்டு வேளை பாலில் கலக்குகிறோம். இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. செய்தியைப் படித்துவிட்டு, அடுத்த மாத மளிகைப் பட்டியலில் அதே டப்பாவை அதே இடத்தில் எழுதினோம்.

இதை விடவும் சங்கடமான ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது புதிதல்ல. காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. கலவை சாதம், முட்டை, வாரத்தில் சில நாள் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும், காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல். பெரிய ஹோட்டல் ருசி இருக்காது. ஆனால் ஒரு பிள்ளையின் வயிற்றுக்கு வேண்டியது அந்தத் தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டை நாம் என்ன செய்தோம்? ‘சத்துணவு சாப்பிடுற பசங்க’ என்று ஒரு தொனியை வைத்திருந்தோம். கொஞ்சம் காசு வந்ததும் பிள்ளையை அந்த வரிசையிலிருந்து எடுத்து, கையில் 10 ரூபாய் கொடுத்து அனுப்புவதை முன்னேற்றம் என்று நினைத்தோம். பள்ளிக்குள் அவித்த பயறு, வாசலுக்கு வெளியே பாக்கெட். எது கௌரவம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது சத்தியமாக எந்தத் தட்டியும் அல்ல.

பூங்காவுக்கு வாருங்கள். சென்னைப் பூங்காக்களின் வாசலில் விடியற்காலையில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கிறார்கள். யாருக்கு? நமக்கு. நமக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதே வாசலில் சாயங்காலம் ஐஸ்கிரீம் வண்டி, பாப்கார்ன், சிவக்கப் பொரித்த உருளைச் சுருள், கோலா. அது பிள்ளைகளுக்கு. சுற்று முடிகிற வரை தொந்தரவு பண்ணாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஒரு பாக்கெட்டும் கையில் செல்போனும் கொடுத்துவிட்டு நாம் கைவீசி நடக்கிறோம். 250 மி.லி. கோலாவில் சுமார் 25 கிராம் சர்க்கரை, ஆறு டீஸ்பூன். காபியில் அரை டீஸ்பூன் கூடினால் முகம் சுளிக்கிற நாம்தான் அதை மூடி திறந்து கையில் கொடுக்கிறோம்.

எப்போதாவது பயமும் வரும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருக்கிறது என்று தமிழக அரசு தடை செய்தபோது குடும்பக் குழுக்களில் எத்தனை வீடியோக்கள்! அடுத்த ஆண்டு பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை வந்தபோதும் அப்படித்தான். தடைகள் சரியானவையே. ஆனால் நமக்கு ரோஸ் நிறத்தைக் கண்டால்தான் பயம் வருகிறது, சர்க்கரையைக் கண்டு வருவதில்லை. மூங்கில் கழியில் மிட்டாய் கட்டி வருகிற ஏழையைச் சந்தேகப்படுவது சுலபம். அவரிடம் இலவச ஃப்ரிட்ஜும் இல்லை, நட்சத்திர நடிகரும் இல்லை. ஒரு வாரம் பயந்தோம், பகிர்ந்தோம், மறந்தோம்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உடல் எடை கூடியவர்கள் 2015–16-இல் 30.9 சதவீதம். 2019–21-இல் 40.4. ஆண்கள் 37. உலகத்தில் 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடையே, எடை குறைந்தவர்களை விட உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று யூனிசெஃப் 2025-இல் சொன்னது. முதல் முறையாக. நம் பாட்டிகள் ஒரு பிடி சோற்றுக்குப் பட்ட பாட்டை நினைத்தால், நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று திகைப்பாக இருக்கிறது.

திகைத்து உட்கார வேண்டியதில்லை. எங்கள் கணக்கெடுப்புக்குப் பிறகு நடந்தவை மிகச் சின்னவை. ஆண்டு விழா ஃப்ளெக்ஸைக் கழற்றினோம். அடுத்த விழாவுக்கு ஷாமியானாவும் சாப்பாடும் கொஞ்சம் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை, தீனிக் கடைகளிடம் பணம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். பிறந்தநாளுக்கு மிட்டாய்க்குப் பதில் கடலைமிட்டாயோ பென்சிலோ போதும் என்று சில வீடுகள் ஒப்புக்கொண்டன. சில வீடுகள் ஒப்புக்கொள்ளவில்லை, அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பெட்டிக்கடை அக்கா வெள்ளிக்கிழமைதோறும் சுண்டல் போடுகிறார். மீந்தால் நாங்கள் வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதுவும் நியாயம்தான், அவர் நஷ்டத்தை இத்தனை நாள் நாம் பங்கு போட்டுக்கொள்ளவில்லையே.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அதாவது அந்தக் குழு நாம்தான். கூட்டத்துக்குப் போகாமல், வீட்டுக்கு வந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்களும் நாம்தான். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், பானங்களில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லி 2025 மே மாதமே சுற்றறிக்கை வந்திருக்கிறது. வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, பிள்ளையை விடப் போகும்போது ஒரு நிமிடம் வண்டியை ஓரமாக நிறுத்தினால் போதும்.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கடைக்காரர் மேல் புகார் எழுதிக்கொண்டு போக வேண்டாம். 50 மீட்டர் பலகை எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால், பெயின்ட் செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்கிறோம், சுவரில் எழுதிவிடலாம் என்று சொல்லுங்கள்.