பாறசாலைக்கே வரட்டும் மாத்திரை

மாண்புமிகு கேரள சுகாதாரத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

2025 மார்ச்சில் மலப்புறம் வளாஞ்சேரியில் போதை ஊசிச் சிரிஞ்சைப் பகிர்ந்தவர்களிடம் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது மாநிலமே பதறியது. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி அதே சிரிஞ்சில் இன்னும் எளிதாகப் பரவும். பயன்படுத்திய சிரிஞ்சுக்குள் 60 நாள் கடந்தும் அந்த வைரஸ் தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். பல ஆண்டுகள் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஈரல் சுருங்கி வயிறு வீங்கும்போதுதான் வீட்டுக்கே தெரியவருகிறது.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் மாத்திரை உண்டு. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம். பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். அப்படியிருந்தும் ஊசி போடும் இளைஞன் ஆஸ்பத்திரிப் படி ஏறத் தயங்குகிறான். வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார், போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். எல்லையோரப் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 30 கிலோமீட்டருக்கு மேல். ரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மருந்துக்கு இன்னொரு நாள் என்றால் கூலிவேலைக்காரன் முதல் நாளோடு நின்றுவிடுவான்.

இந்தத் தடைகளைத் தாண்ட வழி உண்டு. மணிப்பூரில் ஊசிப் பழக்கத்தை அறிந்தவர்களே முன்னின்று, பரிசோதனையும் முதல் மாத்திரையும் ஒரே நாளில் கிடைக்கச் செய்தார்கள். சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற தொண்டு நிறுவனத்தினர், ஊசி போடுவோர் இருக்கும் இடத்துக்கே போய் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய்ப் பரிசோதனைக்குப் பயன்படும் ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிகளிலேயே இந்த வைரஸின் அளவையும் பார்க்கலாம்.

பழக்கத்தை விடாதவனுக்கு மருந்து வீண், மறுபடி தொற்றும் என்று சிலர் சொல்வார்கள். தொற்றலாம்தான். ஆனால் இன்று ஊசி போடுகிறவனிடமிருந்துதானே அடுத்தவனுக்குப் போகிறது? அவனை முதலில் குணப்படுத்துவதுதான் மருத்துவ நியாயம். மாத்திரையோடு சுத்தமான சிரிஞ்சும் போதை ஊசிக்கு மாற்றான புப்ரினார்பின் சிகிச்சையும் சேர்ந்தே வர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்புக்காகச் சிரிஞ்சு கொடுப்பவர்களுக்கு 2017 ஆம் ஆண்டு எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டமே பாதுகாப்புத் தருகிறது.

தமிழ்நாட்டின் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. 1956 இல் மாநிலம் பிரிந்தாலும் சந்தையும் சம்பந்தமும் பிரியவில்லை. கேரளத்தில் மாத்திரை தொடங்கியவன் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போனால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் அதைத் தொடர முடிய வேண்டும். ஆதார் முகவரி கேட்டு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. தமிழ் பேசும் களப்பணியாளர்களும் வேண்டும்.

ஜூலை 28 உலக ஹெபடைட்டிஸ் நாள். அடுத்து வரும் அந்த நாளுக்குள் பாறசாலை தாலுகா மருத்துவமனையிலும் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையிலும் பரிசோதனையும் மாத்திரையும் ஒரே நாளில் கிடைக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எல்லையோரத் தமிழர் ஒருவர்