கம்பளி வணிகர் கைக்கு வந்த கருவூலம்

டேவிட் ஹான்ஸெமான் 1790-இல் ஹாம்பர்க் நகரை ஒட்டிய ஃபிங்கன்வெர்டரில் ஒரு புராட்டஸ்டன்ட் போதகரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. சிறு வயதிலேயே வணிகர் ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்தார். 1817-இல் ஜெர்மனியின் மேற்கு விளிம்பில் உள்ள ஆகன் நகரில் சொந்தமாகக் கம்பளி வியாபாரம் தொடங்கினார். 31 ஆண்டுகள் கழித்து அவர் பிரஷ்ய அரசின் நிதியமைச்சர். பிரபுக்களும் உயர் அதிகாரிகளும் மட்டுமே அமைச்சர்களாக இருந்த ஒரு நாட்டில் இது நடந்தது. பணத்தைக் கையாளத் தெரிந்த வர்க்கம் அரசியலில் எதுவரை போக முடிந்தது, எந்த இடத்தில் தடுக்கப்பட்டது என்பதை ஹான்ஸெமானின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

ஆகன் அடங்கிய ரைன்லாந்து, நெப்போலியனின் தோல்விக்குப் பிறகு 1815-இல்தான் பிரஷ்யாவிடம் வந்தது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற சிவில் சட்டம் அங்கே தொடர்ந்தது. சட்டத்தின் முன் பிரபுவும் வணிகரும் ஒன்று. எல்பே நதிக்குக் கிழக்கே நிலைமை வேறு. அங்கே யுங்கர் எனப்பட்ட பெருநிலக்கிழார்களின் பண்ணைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிலவரி கிடையாது. ரைன்லாந்து கொடுக்கும் வரிக்கும் பெறும் உரிமைக்கும் பொருத்தமில்லை என்பதை பிரஷ்யாவையும் பிரான்ஸையும் ஒப்பிட்டு எழுதிய நூலில் 1833-இல் ஹான்ஸெமான் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கேடு ஓர் அரசியல் ஆயுதமாக முடியும் என்று முதலில் உணர்ந்த ஜெர்மானியர்களில் அவர் ஒருவர்.

அவர் தொடங்கிய நிறுவனங்களில் முக்கியமானது, 1824-இல் உருவான ஆகன் தீக்காப்பீட்டு நிறுவனம். அதன் நிகர லாபத்தில் பாதி பொதுநலப் பணிகளுக்கு என்று விதியிலேயே எழுதிவைத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு 1834-இல் உழைப்பை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்று அமைந்தது. தொழிலாளர்களுக்கான சேமிப்பு வங்கிகளையும், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களையும் அது நடத்தியது. 1870-இல் ஆகனில் தொழில்நுட்பக் கல்லூரி திறக்கப்பட்டபோது, அந்த வாய்ப்பு மற்ற ரைன்லாந்து நகரங்களுக்குப் போகாமல் ஆகனுக்கு வந்ததற்கு இந்த நிறுவனமும் சங்கமும் தந்த நிதி பெரிய காரணம். சேமிக்கத் தொடங்கும் தொழிலாளி நாளடைவில் உடைமையாளர் ஆவார், உடைமையாளர் ஆனபின் அரசியல் உரிமைக்குத் தகுதி பெறுவார் என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டின் அடியில் இருந்தது. நல்ல நோக்கமே. ஆனால் உரிமைக்கு முன் சொத்து வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குள்ளேயே இருந்தது.

பிரான்ஸில் 1830 ஜூலைப் புரட்சி வெடித்ததும் அரசர் மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்முக்கு அவர் அனுப்பிய விரிவான மனுவில் அந்த நிபந்தனை வெளிப்படையாகவே நின்றது. பிரஷ்யாவுக்கு அரசியலமைப்புச் சட்டமும் மக்கள் பிரதிநிதித்துவமும் தேவை என்று அதில் வாதிட்டார். பெரும்பான்மை என்பது தலைகளை எண்ணி வருவதல்ல, நாட்டின் உண்மையான வலிமையைத் தாங்கும் உடைமையும் கல்வியும் உள்ளவர்களே பெரும்பான்மை என்றும் அதிலேயே எழுதினார். அவரை மக்களாட்சியின் முன்னோடி என்று எழுதுவது சரியாகாது; அவர் தாராளவாதி, அந்தக் காலத்து ரைன்லாந்துப் பொருளில்.

அடுத்து ரயில் பாதை. ரைன் நதியின் கழிமுகத்தில் டச்சுக்காரர்கள் வசூலித்த சுங்கத்திலிருந்து தப்ப, கொலோன் வணிகர்கள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் பாதை போட விரும்பினார்கள். அவர்களை முன்னின்று நடத்திய லுடோல்ஃப் கம்ப்ஹவுசன் தேர்ந்த வழி ஆகனைத் தொடாமல் போனது. ஹான்ஸெமான் விடாமல் போராடிப் பாதையைத் தன் ஊருக்குள் திருப்பினார். 1843-இல் கொலோனும் ஆண்ட்வெர்ப்பும் இணைந்தன. எல்லை கடந்து ஓடிய ஆரம்பகால ரயில் பாதைகளில் அது ஒன்று.

ரயிலே அவரைத் தேசிய அரசியலுக்கும் கொண்டுவந்தது. மக்கள் பிரதிநிதிகளின் சபை ஒப்பாமல் அரசு புதிய கடன் வாங்கக்கூடாது என்று பிரஷ்யாவில் 1820-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அப்படியொரு சபையைக் கூட்டாமலே ஆட்சி கால் நூற்றாண்டு ஓட்டிவிட்டது. பெர்லினிலிருந்து கிழக்கே கொனிக்ஸ்பெர்க் வரை ரயில் பாதை போட நினைத்தபோது கடன் தவிர்க்க முடியாததாயிற்று. அப்போதைய அரசர் நான்காம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் வேறு வழியின்றி எட்டு மாகாண சபைகளையும் 1847 ஏப்ரலில் பெர்லினில் ஒன்றாகக் கூட்டினார். கடவுளுக்கும் இந்த நாட்டுக்கும் நடுவே எழுதப்பட்ட ஒரு தாள் வர விடமாட்டேன் என்று தொடக்க உரையிலேயே சொன்னார். பணம் வேண்டும், அரசியலமைப்புச் சட்டம் வேண்டாம் என்பது அவர் நிலை.

ரைன்லாந்து உறுப்பினர்களின் பதில் நேரடியாக இருந்தது. சபை முறையாகக் கூடும் என்ற உறுதி இல்லாமல் கடனுக்கு ஒப்புதல் இல்லை. பணம் என்று வந்துவிட்டால் அங்கே இதமான பேச்சுக்கு இடமில்லை என்று ஜூன் 8 அன்று ஹான்ஸெமான் சபையில் சொன்ன வாக்கியம் ஜெர்மன் மொழியில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. 360 பேர் எதிர்க்க, 179 பேர் மட்டுமே ஆதரிக்க, கடன் தோற்றது. கிழக்கு மாகாண உறுப்பினர்கள் பலரும், தங்கள் நிலங்களுக்கே நன்மை தரவிருந்த பாதை என்று தெரிந்தும் எதிர்த்து வாக்களித்தது இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உள்ள பெரிய செய்தி. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் அரசரின் கை கட்டப்பட்டது. ஹான்ஸெமானின் அரசியல் திறமை உச்சம் தொட்டது இங்கேதான்.

1848 மார்ச் 18 அன்று பெர்லினிலும் புரட்சி வெடித்தது; தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. அரசர் இறங்கிவர, மார்ச் 29-இல் கம்ப்ஹவுசன் பிரதமர், ஹான்ஸெமான் நிதியமைச்சர். ரயில் பாதைக்காக மோதிய இருவரும் ஒரே அமைச்சரவையில். அதே நாளில் கொலோனின் பெரிய வங்கியான ஷாஃப்ஹவுசன் பணம் கொடுக்க முடியாமல் நின்றது. அது விழுந்தால் ரைன்லாந்து ஆலைகள் வரிசையாக மூடப்பட்டிருக்கும். அரசு உத்தரவாதம் தந்து அதைப் பங்கு வங்கியாக மாற்றினார். பிரஷ்யாவின் முதல் பங்கு வங்கி அது. சரக்கை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் அலுவலகங்களையும் திறந்தார். நெருக்கடியில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பது தெரிந்த கை அது.

ஜூன் இறுதியில் கம்ப்ஹவுசன் விலக, ருடோல்ஃப் ஃபொன் அவுவர்ஸ்வால்ட் பிரதமரானார். அமைச்சரவையை உண்மையில் இயக்கியவர் ஹான்ஸெமான். பிரபுக்களின் நிலவரி விலக்கை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். உடனே யுங்கர்கள் திரண்டார்கள். ஆகஸ்டில் பெர்லினில் தங்களுக்கென மாநாடு கூட்டினார்கள். இடதுபக்கமிருந்து, கொலோனில் கார்ல் மார்க்ஸ் நடத்திய நாளிதழ் அமைச்சரவையை இடைவிடாமல் தாக்கியது. ஆனால் ஹான்ஸெமானை வீழ்த்தியவர்கள் இந்த இரு தரப்பாரும் அல்லர்.

ஜூலை 31 அன்று ஷ்வைட்னிட்ஸ் நகரில் ராணுவம் குடிமக்கள் காவல்படை மீது சுட்டதில் 14 பேர் இறந்தனர். புதிய ஆட்சிமுறையை ஏற்காத அதிகாரிகள் ராணுவத்திலிருந்து விலக வேண்டும் என்று அறிவிக்கும்படி, புரட்சிக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய சபை அமைச்சரவையைக் கோரியது. ஹான்ஸெமான் தயங்கினார். படைக்குக் கட்டளையிடும் அதிகாரம் அரசருடையது. அதில் கைவைத்தால் அரசருடனான இணக்கமே முறியும் என்று அமைச்சரவை அஞ்சியது. செப்டம்பர் 7 வாக்கெடுப்பில் 219-க்கு 143 என்று தோற்று விலகியது. நவம்பரில் தளபதி வ்ராங்கெலின் படை பெர்லினுக்குள் நுழைந்தது. டிசம்பரில் சபை கலைக்கப்பட்டது. வரவு செலவைப் பிடித்தால் அரசையே பிடிக்கலாம் என்பது ஹான்ஸெமானின் நம்பிக்கை. படை யாருக்குக் கீழ்ப்படியும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

வரி செலுத்தும் அளவை வைத்து வாக்கின் எடையைக் கூட்டும் மூன்று வகுப்பு வாக்குமுறையை 1849-இல் அரசர் கொண்டுவந்தார். ரைன்லாந்து நகராட்சிகளில் 1845 முதல் இருந்த முறைதான் அது. தலையை எண்ணாமல் உடைமையை எண்ணுவது என்ற 1830 மனுவின் கொள்கை இப்படிச் சட்டமாகி 1918 வரை நீடித்தது. கிழக்கின் கிராமங்களில் அதனால் பயன் பெற்றவர்கள் அவர் எதிர்த்த யுங்கர்களே.

பதவி இழந்தபின் பிரஷ்ய வங்கியின் தலைவராக 1851 வரை இருந்தார். அதே ஆண்டு டிஸ்கோன்டோ கெசெல்ஷாஃப்ட் என்ற கடன் நிறுவனத்தைத் தொடங்கி, 1856-இல் பெரிய முதலீட்டு வங்கியாக மாற்றினார். 1859-இல் பிரஷ்யா படை திரட்டியபோது 3 கோடி தாலர் அரசுக் கடனைத் திரட்டிய வங்கிக் கூட்டமைப்பை முன்னின்று அமைத்ததும் அவர்தான். 1847-இல் கடனை மறுத்த மனிதர் இப்போது படைச் செலவுக்கே பணம் திரட்டித் தந்தார். கொள்கையை விற்றார் என்பதைவிட, அரசியலில் மூடிய கதவு வங்கித் தொழிலில் திறந்திருந்தது என்று கொள்வதே நியாயம்.

நிலவரி விலக்கை ஒழிக்கும் சட்டம் 1861-இல் நிறைவேறியது, யுங்கர்களுக்கு இழப்பீட்டுடன். 1862-இல், மூன்று வகுப்பு முறையில் தேர்வான சபை ராணுவச் செலவை மறுத்தது. ஹான்ஸெமான் 1847-இல் காட்டிய அதே வழி. புதிய பிரதமர் பிஸ்மார்க் நிதிநிலை அறிக்கைக்கு ஒப்புதல் இல்லாமலே நான்கு ஆண்டுகள் ஆண்டார். 1866 போர் வெற்றிக்குப் பின் சபையே அதற்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் அளித்தது. ஹான்ஸெமான் அதைப் பார்க்கவில்லை. 1864 ஆகஸ்ட் 4 அன்று ஷ்லாங்கன்பாட் என்ற நீரூற்று ஊரில் இறந்திருந்தார். வங்கி மகன் அடால்ஃபின் பொறுப்பில் ஜெர்மனியின் முன்னணி வங்கிகளில் ஒன்றாக வளர்ந்து, 1929-இல் டாய்ச்ச வங்கியுடன் இணைந்தது.