தொனிக்கு ஒரு பட்டியலா?

"தொனி: புகழ்ச்சி." தொண்டைமானின் ஆயுதங்களைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டுக்கு ஒரு தரம் 11 பிள்ளை எழுதிய விடை. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. புகழ்ச்சி, இரக்கம், ஏளனம், கோபம் என்று டியூட்டில் பட்டியல் போட்டுக் கொடுத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். பிள்ளை அதில் ஒன்றை எடுத்து எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஔவை அதியமானின் தூதாகப் போகிறார். உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் மினுங்குகின்றன என்கிறார். அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். சொல்லை மட்டும் பார்த்தால் புகழ்ச்சிதான். யார் சொல்கிறார், யாரிடம், எந்த நேரத்தில் என்று கேட்டால்தான் "உன் வேல் சண்டையையே காணவில்லை" என்ற குத்தல் காதில் விழும். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுதாகப் போகும். எங்களுக்கு பாஸ் பேப்பர் முடிக்கிற அவசரம். பெற்றோரும் "மார்க்ஸ் வந்தால் போதும் சேர்" என்கிறீர்கள்.

போதாது. கவிஞர் அஹ்னாப் ஜஸீமை மறந்துவிட்டோமா? அவரும் ஓர் ஆசிரியர். 2017இல் வந்த அவருடைய 'நவரசம்' தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் போன்றவர்கள் வாசித்துவிட்டு, இவை தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகள் என்றார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது 2023 டிசம்பரில். ஒரு கவிதைப் புத்தகத்துக்காக ஒரு மனிதரின் மூன்றரை வருடங்கள்!

"அது அரசியல், தமிழ்ப் பாடத்துக்கும் அதற்கும் என்ன?" என்று கேட்பீர்கள். சரி, நாம் எல்லோரும் தொனி படித்திருந்தாலும் அந்தக் கைது நடந்திருக்கும். சட்டத்தின் பிழையை இலக்கிய வகுப்பு திருத்தாது. ஆனால் அந்த நாட்களில் நம்மில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம்? "என்னத்தையோ எழுதியிருப்பார்" என்று சொன்னவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். பயம் ஒரு பக்கம். வாசித்து, "இது அப்படிப்பட்ட கவிதை இல்லை" என்று சொல்ல வாயில் வார்த்தை இல்லாதது மறுபக்கம். அந்த வார்த்தையைத்தான் வகுப்பில் கொடுக்க வேண்டியிருந்தது.

(நக்கலாக எழுதிய வட்ஸ்அப் பதிவை உண்மையென்று நம்பி இரண்டு நாள் சண்டை பிடித்த கதையை இங்கே இழுக்கவில்லை. உங்களுக்கே தெரியும்.)

அடுத்த தவணை அந்தப் பட்டியலை டியூட்டிலிருந்து எடுக்கிறோம். பிள்ளை தொனியின் பெயரை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. எந்த வரியில் அது கேட்டது என்றும் எழுத வேண்டும். முதல் இரண்டு மாதம் புள்ளி குறையும். "நோட்ஸ் தருகிறார்கள் இல்லை" என்று அதிபரிடம் போகுமுன் பிள்ளையின் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள்.