அத்தியும் ‘சிக்கமோரும்’

ஆங்கிலக் கதையொன்றைத் தமிழாக்க முனைந்த கல்முனை மாணவரொருவர், ‘சிக்கமோர்’ மரத்துக்குத் தமிழில் யாது பெயரென எம்மை வினவினார். அகராதியில் ‘காட்டத்தி’ என்றிருந்ததாம். கதை நிகழ்வதோ குளிர்மிகுந்த இங்கிலாந்துக் கிராமத்தில். ஆங்கே அத்தி எவ்வாறு வந்தது?

அகராதி பொய்யுரைக்கவில்லை. விவிலியத்திலே சகேயு ஏறிய மரம் காட்டத்தியே. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் வளரும் அதனை அறிவியலார் பைக்கசு சிக்கொமோரசு என்பர். கிரேக்கத்தில் ‘சிக்கோன்’ அத்தி, ‘மோரோன்’ முசுக்கட்டை. அம்மரத்தைக் காணாத ஆங்கிலேயர், தம் நாட்டில் அகன்ற இலையுடன் நிழல் தந்த மேப்பிள் இன மரத்துக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டனர். அதன் அறிவியற் பெயர் ஏசர் சூடோபிளாட்டனசு. ‘போலிப் பிளாட்டனசு’ என்பது பொருள். அமெரிக்காவில் குடியேறியோரோ உண்மைப் பிளாட்டனசு ஒன்றையே சிக்கமோர் என்றனர். ஸ்கொட்லாந்தினர் மேப்பிளைப் ‘பிளேன்’ என்பர். ஒரே மனிதரை ஒரு வீட்டார் மாமா என்றும் மறுவீட்டார் சாச்சா என்றும் அழைப்பதில்லையா, அதுபோலத்தான்!

இக்குழப்பத்துக்கு மருந்தாகவே சுவீடன் நாட்டு லின்னேயசு 1753இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு செடிகொடிக்கும் இரு சொற்பெயர் அமைத்தார். மேற்கூறிய மூன்று மரங்களும் அந்நூலில் உள்ளன. நம் ஆற்றங்கரை அத்தியும் உண்டு: பைக்கசு ரசிமோசா. குலைகுலையாகக் காய்ப்பது என்று பொருள். அடிமரத்திலேயே கொத்தாய்த் தொங்கும் காய்களைக் கண்டோர்க்கு விளக்கம் வேண்டா. சிங்களத்தில் ‘அட்டிக்கா’. பழைய நூல்களில் பைக்கசு குளோமரேட்டா என்று காணின் மயங்கற்க, இரண்டும் ஒன்றே. முந்தியிட்ட பெயருக்கே முதன்மை என்னும் விதிப்படி பிந்தியது வழக்கொழிந்தது.

திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயத்துக்குப் பெயர் தந்த ‘அத்தீன்’, கடைகளில் உலர்த்தி மாலையாகக் கோத்து விற்கும் சீமையத்தியாகும், பைக்கசு காரிக்கா. நம் அத்திக்கு அது உறவு. ஆனால் அதுவே இதுவன்று.

கதையில் ‘சிக்கமோர்’ என்றே எழுதிவிடலாம். அதனால் எவருக்கும் கேடில்லை. மருந்துக்குப் பட்டை தேடுவோர் நிலை வேறு. ஆல், அரசு, இத்தி ஆகியவற்றோடு அத்திப்பட்டையும் நாட்டு வைத்தியத்தில் வழங்குவது. பேயத்தி என வேறொன்றும் உண்டு; பைக்கசு இசுப்பிடா. அதன் காயும் பட்டையும் வாந்தியும் பேதியும் உண்டாக்கவல்லவை. வெறும் ‘அத்தி’ என்று சொல்லிச் சிறுவனை அனுப்புவோர் இதனைக் கருதுவாராக. இலையைத் தடவிப் பார்த்தாற் போதும்: பேயத்தியிலை சொரசொரப்பாய், பெரும்பாலும் எதிரெதிரே அமைந்திருக்கும், நல்லத்தியிலை வழுவழுப்பாய், ஒன்றுவிட்டொன்றாய் நிற்கும்.