சுழற்சி என்றால் உடனே திரும்பி வந்துவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டீக்கடையில் எம்-சாண்ட் லாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்லூரி முடித்த தம்பி ஒருவர், "சார், பாறைச் சுழற்சின்னு ஸ்கூல்லயே படிச்சோமே. மலையை உடைச்சா என்ன, மறுபடி உருவாகிடும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் காட்டும் படம் அப்படி. மூன்று கட்டம், சுற்றிலும் அம்புக்குறி. தீப்பாறை தேய்ந்து மணலாகிப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. அது ஆழத்தில் புதைந்து வெப்பமும் அழுத்தமும் பட்டால் உருமாறிய பாறை. உருகினால் மறுபடி பாறைக்குழம்பு. ஐந்து மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் எந்த அம்புக்குறி மேலும் எத்தனை ஆண்டு என்று எழுதியிருப்பதில்லை. நீர்ச் சுழற்சிப் படமும் பார்க்க இதே மாதிரிதான். கடல் நீர் மழையாக வருவதைப் பிள்ளைகள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். பாறையும் அதே வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருக்கும் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இங்கிருந்து போன கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். (நம்ம ஊர்க் கல்லுக்கு வந்த பெயரைப் பாருங்கள்!) ஹாலந்து அதைத் தீப்பாறை என்றார். பின்னால் வந்தவர்களில் பலர் உருமாறிய பாறை என்கிறார்கள். மூன்று கட்டத்துக்குள் அடங்காத கல் அது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெந்தது. மேலே மூடியிருந்த பாறையெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து, நிலமும் மெல்ல உயர்ந்த பிறகுதான் அது வெயிலைப் பார்த்தது.

அரியலூர் சுண்ணாம்புக்கல் இதன் முன்னால் பச்சைக் குழந்தை. அங்கே கடல் இருந்த காலத்துச் சிப்பிகள் படிந்து உண்டானது. அதற்கே சுமார் 7 கோடி வயது. நாம் அதைச் சூளையில் போட்டு ஒரே நாளில் சிமெண்ட் ஆக்கிவிடுகிறோம்.

கல் உடைக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் வீடு கட்டியவன்தான். ஆற்று மணலை அள்ளி ஆறுகளை என்ன பாடு படுத்தினோம் என்பதும் தெரியும். ஆனால் ஒரு குன்றை ஏலம் விடும்போது, போனால் வராத சொத்தை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். கன மீட்டருக்கு இவ்வளவு என்பதோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் அம்புக்குறிகள் மேல் ஆண்டுக்கணக்கைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். முடிந்தால் பக்கத்துக் குன்றுக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள், பஸ் செலவுகூட இருக்காது.

உங்கள் ஊரில் என்ன கல் என்று கமெண்டில் எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.